நோயாளியின் இடது

உடற்கூறியல் புத்தகம் எதைத் திறந்தாலும் முதல் சில பக்கங்களுக்குள் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். தலை நிமிர்ந்திருக்கும், பாதங்கள் முன்னோக்கி இருக்கும், கைகள் உடம்பை ஒட்டித் தொங்கும். உள்ளங்கைகள் மட்டும் நம்மை நோக்கித் திரும்பியிருக்கும். கீழே ‘அனாடாமிக்கல் பொசிஷன்’ என்று எழுதியிருக்கும். மனித உடம்பில் எந்த இடத்தைச் சொன்னாலும் இந்த நிலையை மனதில் வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்பது உலகம் முழுக்க மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட விதி. தலைப்பக்கம் சுப்பீரியர், கால்பக்கம் இன்ஃபீரியர். முன்புறம் ஆன்டீரியர், முதுகுப்புறம் போஸ்டீரியர். உடம்பின் நடுக்கோட்டை நெருங்கினால் மீடியல், விலகினால் லேட்டரல். கைகால்களில் உடம்போடு சேரும் மூட்டுக்கு அருகே பிராக்சிமல், விரல்நுனிப் பக்கம் டிஸ்டல். இடது என்றால் நோயாளியின் இடது. பார்க்கிறவருடைய இடது எப்போதும் கணக்கில் வராது.

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு யாரும் அந்தப் படத்தில் இருப்பதுபோல நின்றபடி வந்து நான் பார்த்ததில்லை. ஒருக்களித்து, சுருண்டு, குப்புற, ஒரு கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்ட நிலையில்தான் வருகிறார்கள். அதனால்தான் அந்த விதியே வேண்டியிருக்கிறது. உடம்பு எப்படிக் கிடந்தாலும் மனதுக்குள் அதை எழுப்பி நிறுத்தி, உள்ளங்கையை முன்னே திருப்பி வைத்து, அதற்குப் பிறகு காயத்தின் இடத்தைச் சொல்லப் பழக வேண்டும். அவசர சிகிச்சை மாணவர்களுக்கு இதைத்தான் பல வருடங்களாகச் சொல்லிக்கொடுக்கிறேன். இதே பாடத்தை நான் படித்தபோது எனக்குக் கிடைத்த நேரத்தையும், இன்று என் மாணவர்களுக்குக் கிடைக்கும் நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

எண்பதுகளின் கடைசியில் நர்சிங் பள்ளியில் சேர்ந்தேன். எங்கள் செட்டில் பாதிக்கு மேல் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த கிராமத்துப் பெண்கள். வகுப்பறை மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் ஒரு எலும்புக்கூடு தொங்கும். எங்கள் சிஸ்டர் டியூட்டர் பிரம்பை எடுத்துக்கொண்டு அந்த அலமாரியைத் திறந்தால் வகுப்பு முழுக்க மூச்சுக்கூட விடாது. ராஸ் அண்ட் வில்சன் புத்தகம் நூலகத்தில் சில பிரதிகள்தான். அதை முறைவைத்து வாங்கி, படத்தை ரெக்கார்டு நோட்டில் பார்த்து வரைந்து, தமனிக்குச் சிவப்பும் சிரைக்கு நீலமும் தீட்டுவோம். அந்த நிற்கும் உருவத்தைச் சிஸ்டர் டியூட்டர் எத்தனையோ முறை திரும்ப வரையச் சொன்னார்கள். கோடு கோணினால் பக்கத்தையே கிழித்துவிடுவார்கள்.

திசைச் சொற்களுக்கு மட்டும் வாரக்கணக்கில் வகுப்பு நடந்தது. காலையில் வந்ததும் யாரையாவது எழுப்பிக் கேட்பார்கள்.

“மூக்கு காதுக்கு எந்தப் பக்கம்?”

“மீடியல், சிஸ்டர்.”

“முழங்கை மணிக்கட்டுக்கு?”

“பிராக்சிமல், சிஸ்டர்.”

“தோல் எலும்புக்கு?”

“சூப்பர்ஃபிஷியல், சிஸ்டர்.”

ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில் நடந்துகொண்டே ஜோடி ஜோடியாகச் சொல்லிப் பார்ப்போம். வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி அது நாக்கில் ஏறிவிட்டது. இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன். அந்த அம்மா கொடுத்த அடித்தளம் அப்படி.

வார்டுக்குப் போனால் அந்தச் சொற்களுக்கு வேலையே இல்லை. “மூணாவது பெட், கால் ஒடிஞ்ச கேஸ்” என்றால் எல்லோருக்கும் புரிந்துவிடும். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது போர்வையை விலக்கிக் காட்டுவோம். “இங்க சார்” என்று விரலால் சுட்டினால் போதும். அன்றைய கேஷுவாலிட்டி என்பது ஒரு அறை. ஒரு டியூட்டி டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு ஆயா, சக்கரம் கிறீச்சிடும் ஒரு ஸ்ட்ரெச்சர். அடிபட்டவர் வாடகைக் காரிலோ, வைக்கோல் பரப்பிய டெம்போவிலோ, கட்டிலோடு தூக்கப்பட்டோ வந்து சேர்வார். கூடவே ஊர்க்காரர் நாலு பேர் வருவார்கள். எப்படி விழுந்தார், எந்தப் பக்கம் அடி, எப்போது பேச்சு நின்றது என்று அவர்களே கைகாட்டிச் சொல்வார்கள். வாசலில் நோயாளியைத் தொட்ட கைதான் தையல் போடும்போதும் பக்கத்தில் நின்றது. அதே கைதான் வார்டில் படுக்கவும் வைத்தது. ஒரே கையில் இருக்கும் பொருளுக்கு முகவரி எழுத வேண்டிய அவசியம் என்ன?

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அந்தச் சொற்கள் உயிரோடு இருந்தன. ஏ.ஆர். புத்தகத்தில். அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்களுக்கும், அடிதடி வழக்கில் ஒருமுறையாவது மாட்டிய குடும்பங்களுக்கும் ஏ.ஆர். என்றால் என்னவென்று தெரியும். விபத்துப் பதிவேடு. “ஏ.ஆர். போட்டாச்சா?” என்பதுதான் போலீஸ்காரர் கேட்கும் முதல் கேள்வி. அதில் ‘கையில் காயம்’ என்று எழுதினால் செல்லாது. இடது முன்கையின் வெளிப்புறம், மணிக்கட்டிலிருந்து இத்தனை சென்டிமீட்டர் மேலே, நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, ஆழம் தசைவரை என்று இருக்க வேண்டும். வருடங்கள் கழித்து, காயம் ஆறித் தழும்பும் மங்கிய பிறகு, அந்த உடம்பை ஒருபோதும் பார்த்திராத நீதிபதி அந்த வரியைப் படித்து, அருவாள் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று முடிவுசெய்ய வேண்டியிருக்கும். எங்கள் கேஷுவாலிட்டியில் உடற்கூறியல் மொழி நோயாளிக்காகப் பேசப்பட்டதைவிட நீதிமன்றத்துக்காக எழுதப்பட்டதே அதிகம். இப்போது யோசித்தால், அந்த மொழி எதற்கு உண்டானது என்பதை ஏ.ஆர். புத்தகம் அன்றே காட்டிக்கொண்டிருந்தது. பார்த்தவர் பார்க்காதவருக்குச் சொல்வதற்கான மொழி அது.

அந்தச் சொற்களுக்கு ஒழுங்கு வந்ததும் அப்படித்தான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உடம்பின் சுமார் 5,000 பகுதிகளுக்கு ஐரோப்பா முழுக்க ஏறத்தாழ 50,000 பெயர்கள் புழக்கத்தில் இருந்தன. ஒரே நரம்புக்கு ஒரு நாட்டில் ஒரு பேராசிரியரின் பெயர், பக்கத்து நாட்டில் இன்னொருவர் பெயர். 1895இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் உடற்கூறியலாளர்கள் கூடிப் பொதுவான லத்தீன் பட்டியல் ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பட்டியல் பலமுறை திருத்தப்பட்டு, 1998இல் ‘டெர்மினாலஜியா அனாடாமிகா’ என்ற பெயரில் வந்தது. ஒருவரை ஒருவர் சந்திக்காதவர்கள் ஒரே உடம்பைப் பற்றிப் பேச வேண்டும் என்ற தேவைதான் அத்தனை பேரையும் ஒரு மேசைக்குக் கொண்டுவந்தது.

இனி இன்றைய கதைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008 செப்டம்பரில் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் கேஷுவாலிட்டியில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், அதைப்போல எங்கள் வேலையை மாற்றியது வேறெதுவும் இல்லை. அதன்பிறகு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிக்கும் ட்ரையேஜ் முறை பரவியது. 2021 டிசம்பரில் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் வந்து, சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்கக் கூடாது என்றானது. ரத்தம் சொட்டச் சொட்ட வெளியே பணத்துக்கு அலைந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பழைய காலமே பொற்காலம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஆனால் இந்த நல்ல மாற்றம் நோயாளியைப் பல கைகளுக்கு மாற்றிவிட்டது. நாற்கரச் சாலையில் ஒரு விபத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். 108இல் வரும் அவசர மருத்துவ உதவியாளர், அதாவது இ.எம்.டி., முதல் கை. தாலுகா ஆஸ்பத்திரி மருத்துவர் அடுத்த கை. அங்கே ரத்தத்தை நிறுத்தி, ஸ்பிளின்ட் கட்டி, மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். வழியில் இன்னொரு ஆம்புலன்ஸ், இன்னொரு இ.எம்.டி. போய்ச் சேர்ந்த இடத்தில் ட்ரையேஜ் நர்ஸ், பிறகு சி.டி. ஸ்கேன் அறை, பிறகு தியேட்டர். சில மணி நேரத்துக்குள் முன்பின் அறியாத ஆறேழு பேர் அந்த உடம்பை வாங்கிக் கொடுக்கிறார்கள். பாதித் தகவல் போனில் போகிறது. போனில் விரலால் சுட்ட முடியாது. கட்டுப் போட்டு மூடிய பிறகு “இங்க சார்” என்று காட்டவும் வழியில்லை. ஊர்க்காரர் நாலு பேரும் பெரும்பாலும் கூட வருவதில்லை. வந்தாலும் வாசலோடு நிறுத்திவிடுகிறோம். நோயாளியோடு கடைசிவரை பயணிப்பது அந்தச் சொற்கள் மட்டும்தான்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த காலத்தில் வாரக்கணக்கில் நேரம் இருந்தது, தேவை இல்லை. இப்போது ஒவ்வொரு ஷிஃப்டிலும் தேவை இருக்கிறது, பாட அட்டவணையில் இடம் இல்லை. அவசர சிகிச்சைப் படிப்புகளில் திசைச் சொற்கள் முதல் அத்தியாயம். சில மணி நேரத்தில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவாக வரும்: பிராக்சிமல் என்றால் என்ன, எடுத்துக்காட்டு தருக. மாணவர்கள் புத்திசாலிகள். போனில் முப்பரிமாண உடம்பை விரலால் சுழற்றி, தோலை உரித்து, தசையை நீக்கி, எலும்புவரை போகிறார்கள். நாங்கள் ரெக்கார்டு நோட்டில் வரைந்து தெரிந்துகொண்டதைவிட அதிகமாகவே பார்க்கிறார்கள். இரண்டு மதிப்பெண்ணையும் வாங்கிவிடுகிறார்கள். ‘அதான் தெரியுமே, மேடம்’ என்று அடுத்த பாடத்துக்குப் போகத் தயாராகிவிடுகிறார்கள். கல்லூரி நிர்வாகத்திடம் கூடுதல் நேரம் கேட்டபோதும் ‘அது வெறும் முதல் சாப்டர்தானே’ என்ற பதில்தான் வந்தது. போன் திரையில் இருக்கும் உடம்பும் நிமிர்ந்துதான் நிற்கிறது. கிடக்கிற உடம்பை அவர்கள் எங்கே பார்ப்பது?

அதனால் கிடைத்த நேரத்துக்குள் நானாக ஒரு பயிற்சியை வைத்துக்கொண்டேன். பெட்டிக்கடையில் அட்டை அட்டையாக ஒட்டுப் பொட்டு வாங்கிவிடுவேன். சிவப்புப் பொட்டு ரத்தக் காயம், பச்சைப் பொட்டு எலும்பு முறிவு, கறுப்புப் பொட்டு தீக்காயம். ஒரு மாணவனை வராந்தாவில் படுக்க வைப்பேன். நேராக அல்ல, பெஞ்சுக்கு அடியில் பாதி உடம்பு, முகம் தரையைப் பார்த்து, வலது கை முதுகுக்குப் பின்னால், ஒரு கால் மடங்கி. உடம்பில் ஏழெட்டுப் பொட்டு ஒட்டுவேன். இன்னொரு மாணவி அவனைப் பார்த்துப் போனில் சொல்ல வேண்டும். தள்ளியிருக்கும் லேப் அறையில் மூன்றாவது ஆள் அதைக் கேட்டு, மேசைமேல் மல்லாந்து படுத்திருக்கும் நான்காவது ஆளின் மேல் அதே இடங்களில் பொட்டு ஒட்ட வேண்டும். கடைசியில் இருவரையும் பக்கத்தில் நிற்க வைத்து ஒப்பிடுவோம்.

முதல் தடவை எந்த வருடத்து மாணவர்களுக்கும் பொட்டுகள் சரியாகப் பொருந்தியதில்லை. வலது தோளில் இருக்க வேண்டியது இடது தோளில் இருக்கும். முன்கையின் உள்பக்கம் வெளிப்பக்கமாகியிருக்கும். போன வருடம் ஒரு மாணவி “முட்டி மேல சிவப்பு” என்று சொல்ல, அந்தப் பக்கம் இருந்தவன் முழங்கால் சிப்பியின்மேல் ஒட்டிவிட்டான். அவள் சொன்னது முழங்காலுக்கு மேற்புறம், தொடையில். நம் பேச்சில் ‘மேல’ என்பது இரண்டுக்கும் பொருந்தும். அவள் போனை வைத்துவிட்டு வந்து பார்த்ததும் முகம் மாறிவிட்டது. “மேடம், நான் சரியாத்தானே சொன்னேன்?” என்றாள். சரியாகத்தான் சொன்னாள். எதிரே நின்று கேட்டவருக்கு அது சரி. போனில் கேட்டவருக்கு அது வேறு உறுப்பு. “தொடை, டிஸ்டல் மூணுல ஒரு பங்கு, ஆன்டீரியர்” என்று அவளையே திருப்பிச் சொல்ல வைத்தேன். அடுத்த சுற்றில் அந்தப் பொட்டு போய்ச் சரியான இடத்தில் உட்கார்ந்தது.

‘கால்’ என்ற சொல்லோடுதான் எனக்கு அதிகப் போராட்டம். வீட்டுப் பேச்சில் இடுப்பிலிருந்து பாதம்வரை எல்லாம் கால். ஆம்புலன்ஸ் அழைப்புகளில் “கால் ஒடிஞ்சிருச்சுங்க” என்று வரும். தொடை எலும்பா, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பா என்று கேட்டுத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். தொடை எலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாமல் தொடைக்குள்ளேயே ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் ரத்தம் தேங்கிவிடலாம். உடம்பில் இருப்பதே 5 லிட்டர் அளவுதான். கீழ்க்கால் எலும்பு முறிவில் உள்ளே கசிவது பெரும்பாலும் அதைவிட வெகு குறைவு. ஒருவர் வழியில் அதிர்ச்சி நிலைக்குப் போவாரா என்பதை அந்த ஒற்றைச் சொல்லின் தெளிவை வைத்து முன்கூட்டியே யோசிக்க முடியும். ஸ்பிளின்ட் கட்டுவதற்கு முன்னும் பின்னும் டிஸ்டல் பல்ஸ் பார்க்கச் சொல்வதிலும் ஒரு திசைச் சொல்தான் வழிகாட்டுகிறது. முறிந்த இடத்தைத் தாண்டி, பாதத்தின் மேற்புறத்தில், புறங்காலில், நாடி இருக்கிறதா? நகத்தை அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் ரத்தச் சிவப்பு திரும்புகிறதா? டிஸ்டல் என்ற சொல் தெரிந்தவன் முறிவைத் தாண்டிப் பார்ப்பான். தெரியாதவன் முறிவையே பார்த்துக்கொண்டிருப்பான்.

உள்ளங்கை ஏன் முன்னே திரும்பியிருக்க வேண்டும் என்று கேட்கும் மாணவரை எனக்கு மிகவும் பிடிக்கும். உடனே எல்லோரையும் சட்டைக் கையை மடிக்கச் சொல்வேன். முன்கையில் இரண்டு எலும்பு. கட்டைவிரல் பக்கம் ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் அல்னா. வலது உள்ளங்கையை முன்னே காட்டிவிட்டு, இடது கை விரல்களை மணிக்கட்டுக்குச் சற்று மேலே கட்டைவிரல் பக்க எலும்பின்மேல் அழுத்தி வையுங்கள். இப்போது மெதுவாக உள்ளங்கையைப் பின்னால் திருப்புங்கள். உங்கள் விரலுக்கு அடியில் அந்த எலும்பு உருண்டு, உடம்பின் நடுப்பக்கம் வந்து நிற்கும். முழங்கையில் அல்னா தன் இடத்தைவிட்டு நகர்ந்திருக்காது. ரேடியஸ்தான் அதைக் குறுக்கே கடந்து மறுபக்கம் போயிருக்கிறது. கை கிடக்கிற கோலத்தைப் பார்த்து ‘உள்பக்கம்’ என்று சொன்னால், திருப்பிய கையில் அது நேர் எதிர்ப்பக்கம் ஆகிவிடும். உள்ளங்கை முன்னே என்று முடிவுசெய்துவிட்டால் இரண்டு எலும்பும் பக்கம் பக்கமாக, குழப்பமில்லாமல் நிற்கும். அந்தப் பாடத்தில் வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். தன் கைக்குள் இவ்வளவு நாள் நடந்ததை அப்போதுதான் தொட்டுப் பார்க்கிறார்கள்.

திசைச் சொல் மருந்தையும் தீர்மானிக்கும். மாரடைப்பில் ‘இன்ஃபீரியர் வால்’ என்று ஒரு வகை. இதயத்தின் அடிப்பரப்பு, அதாவது வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கும் உதரவிதானத்தின்மேல் உட்கார்ந்திருக்கும் பகுதி பாதிக்கப்படுவது. நோயாளி நெஞ்சைத் தொட்டுக் காட்டாமல் மேல்வயிற்றைக் காட்டலாம். வாந்தி வரும். “வாய்வுப் பிடிப்புதான், சோடா குடிச்சா சரியாப் போகும்” என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இ.சி.ஜி.யில் 2, 3, ஏ.வி.எஃப். ஆகிய லீடுகளில் மாற்றம் தெரியும். அப்படித் தெரிந்தால் வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வழக்கமாக இடப்பக்கம் ஐந்தாவது விலா இடைவெளியில் ஒட்டும் வி4 லீடை வலப்பக்கம் அதே இடத்துக்கு மாற்றி இன்னொரு பதிவு எடுப்பார்கள். வலது கீழறை அடிபட்டிருந்தால், நெஞ்சுவலி என்றதும் நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை ரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடலாம். இன்ஃபீரியர் என்றால் கீழ் என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டுப் போனவர், ஆம்புலன்ஸுக்குள் அதே சொல்லைக் கேட்கும்போது இவ்வளவும் மனதில் ஓட வேண்டும்.

தீக்காயத்துக்கும் அப்படியே. “உடம்பெல்லாம் வெந்துபோச்சு” என்பதை வைத்துச் சலைன் கணக்கிட முடியாது. வாலஸ் 1951இல் எழுதிய ஒன்பதின் கணக்குப்படி நடுவுடம்பின் முன்புறம் 18 சதவீதம், முதுகுப்புறம் 18, ஒவ்வொரு கையும் 9, ஒவ்வொரு காலும் 18, தலை 9. முன்புறம் மட்டுமா, பின்புறமுமா என்று புரட்டிப் பார்த்தவர் சொன்னால்தான், நோயாளியை வாங்குபவர் திரவத்தைச் சரியாக ஏற்றுவார். இதைப்போலவே காது கேட்காத சத்தத்தில் ‘ஹைப்போ’வும் ‘ஹைப்பர்’ரும் ஒன்றாகிவிடும். சர்க்கரை குறைந்தவரா கூடியவரா என்பதில் குழப்பம் வந்தால் நோயாளிக்கு அடுத்த அரை மணி நேரம் நல்லதாக இருக்காது. “சர்க்கரை 42” என்று எண்ணையும் சேர்த்துச் சொல்லப் பழக்குகிறேன்.

கொரோனா காலத்தில் ஒரு சொல் எல்லோர் வீட்டுக்குள்ளும் போனது. ப்ரோன், குப்புறப் படுத்தல். ஆக்சிஜன் குறைந்தவர்கள் குப்புறப் படுத்தால் நுரையீரலின் முதுகுப்புறப் பகுதிகளுக்குக் காற்று நன்றாகப் போகும் என்று 2021 ஏப்ரலில் ஒன்றிய சுகாதார அமைச்சகமே படங்களோடு விளக்கம் வெளியிட்டது. தலையணையை எங்கே வைப்பது, எவ்வளவு நேரம் படுப்பது என்று பாட்டிமார்களும் போனில் பேசிக்கொண்டார்கள். கர்ப்பிணியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வது நம் வீடுகளில் எப்போதும் உண்டு. மல்லாந்து படுத்தால் கனத்த கருப்பை, முதுகெலும்புக்கு வலப்பக்கமாக ஓடும் பெரிய சிரையை அழுத்தி இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைத்துவிடும். காரணத்தோடு சொன்னால் எந்த ஊர் அம்மாவுக்கும் இது புரிகிறது. இந்த மொழி மக்களுக்குக் கடினம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் என் வகுப்பில் தலைகுனிந்து உட்காரும்போது யாழ்ப்பாணத்து மானிப்பாயைப் பற்றிச் சொல்வேன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று உடற்கூறியல் நூல் ஒன்றைத் தமிழில் அச்சிட்டார். அவரிடம் படித்தவர்கள் தமிழிலேயே எலும்பையும் நரம்பையும் கற்று மருத்துவர்களாக ஊர் ஊராகப் போனார்கள். இன்றைக்கு மருத்துவமனைக்குள் சுப்பீரியர், இன்ஃபீரியர் என்றுதான் பேசியாக வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, எதிரே இருப்பவருக்குப் புரிவதுதான் முக்கியம். ஆனால் உடம்பைப் புரிந்துகொள்ள ஆங்கிலம் முன்நிபந்தனை என்று எந்த மாணவரும் நினைத்துவிடக் கூடாது.

நோயாளி தன் உடம்பைச் சொல்லும் விதமும் துல்லியமானதுதான். வயலில் வேலை செய்கிற ஒருவர் “முதல்ல கொப்பூளைச் சுத்தி வலிச்சுது தாயி, இப்ப வலது அடிவயித்துல வந்து நிக்குது” என்றால், குடல்வால் அழற்சி எப்படி நகரும் என்று பாடப்புத்தகம் சொல்வதையே அவர் சொல்லியிருக்கிறார். விண்ணு விண்ணென்று தெறிக்கிறது, சுருக்கென்று குத்துகிறது, பாறாங்கல்லை வைத்து அழுத்துகிறது. இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு தடயம். கேட்டு வாங்கி, அதை அடுத்த கைக்கான மொழியில் மாற்றிக் கொடுப்பதுதான் இ.எம்.டி.யின் வேலை. டாக்டரிடம் சொல்லி முடித்ததும் நோயாளியின் மனைவி பக்கம் திரும்பி, “தொடை எலும்பு ஒடிஞ்சிருக்குக்கா, பாதத்துல ரத்த ஓட்டம் நல்லா இருக்கு, இப்ப ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போறாங்க” என்று சொல்லும் மாணவனைக் கண்டால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இப்போது பொட்டுப் பயிற்சிக்கு ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களையும் கூப்பிடுகிறேன். 108இல் அவர்களைப் பைலட் என்பார்கள். ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடிப்பது அவர்கள்தான். நெரிசலில் இ.எம்.டி. முதலுதவியில் இருக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போன் பேசுவதும் சிலசமயம் அவர்கள்தான். சமீபத்தில் வந்த மூத்த பைலட் ஒருவர் பயிற்சியைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுக் கேட்டார்: “மேடம், நான் தலைமாட்டுல நின்னா என் இடதும் அவர் இடதும் ஒண்ணாத்தானே வருது?”

மல்லாந்து படுத்திருப்பவரின் தலைமாட்டில், கால்பக்கம் பார்த்து நின்றால் ஒன்றாகத்தான் வரும். கால்மாட்டுக்குப் போய்த் தலைப்பக்கம் பார்த்து நின்றால் மாறிவிடும். அவர் அத்தோடு விடவில்லை. தரையில் படுத்திருந்த மாணவனைக் குப்புறப் புரட்டச் சொல்லி, மறுபடி தலைமாட்டுக்குப் போய் நின்று, தன் இடது கையை நீட்டிப் பார்த்தார். இப்போது அது அவனுடைய வலது பக்கம். கால்மாட்டுக்கு நடந்தார், ஒன்றாகிவிட்டது. “அப்ப நாங்க எந்த முனையில நிக்கிறோம்ங்கறதையும், ஆள் மல்லாக்கக் கிடக்காரா குப்புறக் கிடக்காரா அப்படிங்கறதையும் சேத்துப் பாக்கணும்” என்றார். வண்டிக்குள் நோயாளியை ஏற்றும்போது தலை முன்பக்கம் போகும், பைலட் பின்கதவில் கால்மாட்டில் நிற்பார், இறக்கும்போதும் அங்கேதான் நிற்பார் என்று அவரே மற்ற பைலட்டுகளுக்கு விளக்க ஆரம்பித்தார். மாணவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். அடுத்த சுற்றில் போனை அவர் கையில் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு பொட்டுக்கும் முதலில் “ஆளோட வலது” அல்லது “ஆளோட இடது” என்று சொல்லிவிட்டுத்தான் அவர் மேற்கொண்டு போனார்.